நோட்டில் வராத கஞ்சி

எங்கள் மருத்துவமனையின் உணவியல் துறைக்கு இப்போது ஒரு செல்போன் செயலி வந்திருக்கிறது. நோயாளி தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், எத்தனை இட்லி, எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு புரதம் என்று அதுவே கணக்குச் சொல்லிவிடும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் இதைப் போனில் சொல்லிவிட்டு, "மேடம், ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. இதெல்லாம் இல்லாம எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நான் ஓய்வு பெற்று சேலையூரில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. சமாளித்தது நானில்லை என்பதுதான் உண்மை. சமாளித்தவர் வேறு ஒருவர். நான் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு தடவை காரியத்தைக் கெடுத்தும் வைத்தேன்.

படித்த கதையை நீட்ட வேண்டாம். மனையியல் பட்டம், அதன்மேல் உணவியல் டிப்ளமா, ஓர் அரசு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் ஆறு மாதம் பெரிய அண்டாக்களுக்கு நடுவே வியர்வை. பிறகு தாம்பரத்தில் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அங்கே தலைமை உணவியல் நிபுணராக இருந்தவர் பிலோமினா மேடம். உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் பேசும்போது எதிரில் இருப்பவர் தானாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அது ஒரு உத்தி என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அவர் குரலே அவ்வளவுதான்.

அவர் மேசையில் எதிரெதிர் நாற்காலி கிடையாது. நோயாளியும் அவரும் ஒரே பக்கத்தில், பஸ்ஸில் உட்கார்வது போல உட்கார வேண்டும். முதல் முறை வருபவர்கள் தங்கள் வீட்டுக் கரண்டியையும் டம்ளரையும் கொண்டுவர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி அனுப்புவார். "ரெண்டு கரண்டி சோறுன்னு சொன்னா யார் வீட்டுக் கரண்டி? உன் வீட்டுதா, என் வீட்டுதா?" என்பார். மேசையடியில் ஒரு பெரிய டப்பாவில் அரிசி இருக்கும். அந்தக் கரண்டியால் அவர்களையே அள்ளிக் காட்டச் சொல்லி, எடைபோட்டு, பென்சிலால் குறித்துக்கொள்வார். பிறகு, "நேத்து காலைல கண்ணு முழிச்சதுலேருந்து சொல்லுங்க" என்று தொடங்குவார். தொடங்கியபின் வாய் திறக்க மாட்டார். 'நல்லது' என்றோ 'ஐயையோ' என்றோ முகத்தில்கூட ஒன்றும் ஓடாது. "நம்ம மூஞ்சி சுளிச்சா அடுத்த வாய் உண்மை உள்ளே போயிடும்" என்று எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: "மிச்சம் இருந்ததை யார் சாப்பிட்டாங்க?" பெண்கள் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். பிள்ளை தட்டில் விட்ட அரை தோசையும் சட்டியின் அடியில் ஒட்டிய சோறும் அப்போதுதான் கணக்கில் ஏறும்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அதில் ஆண்பால் என்ன, பெண்பால் என்ன.

அப்போது எங்கள் பிரிவுக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பெண்கள் நிறைய வரத் தொடங்கியிருந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை ஆனபின் மாவுச்சத்தைக் கூட்டிக்கொண்ட பெண்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகமாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. நான் அவற்றைப் படித்துவிட்டுப் பரபரத்தேன். 'இருக்கலாம்' என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை. அதே தாள்களைப் பிலோமினா மேடத்திடம் கொடுத்தேன். அவர் திருப்பித் தந்தபோது அந்த ஒரு சொல் மட்டும் பென்சிலால் அடிக்கோடிடப்பட்டிருந்தது.

"எடை ஏறாம பாத்துக்கணும், ராஜி. அதுல சந்தேகம் இல்ல. அரிசிய குறைச்சு, பருப்பு, காய், முட்டை, மீன் கூட்டணும். நடக்கணும். ஆனா சோத்தை எதிரி ஆக்காத. எதிரி ஆக்கினா ஒண்ணு ஒளிஞ்சு சாப்பிடுவாங்க, இல்ல எதுவுமே சாப்பிடாம விழுவாங்க."

இந்த நேரத்தில்தான் கூடுவாஞ்சேரியிலிருந்து கஸ்தூரி வந்தாள். நாற்பத்து மூன்று வயது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை. இடது பக்கம் அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, தினம் ஒரு மாத்திரை என்ற நிலையில் இருந்தாள். முடி அப்போதுதான் கட்டையாக முளைத்திருந்தது. கணவன் இல்லை, பாலிடெக்னிக் படிக்கும் ஒரு மகள். மஞ்சள் பையிலிருந்து டம்ளரையும் கரண்டியையும் எடுத்து மேசையில் வைத்தாள். நாங்கள் ஒன்றும் தொடங்குவதற்கு முன்னே அவள் கேட்டுவிட்டாள்.

"மேடம், எனுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். திரும்பி வருமா?"

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் கையை லேசாகத் தொட்டு நிறுத்தினார்.

"வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. வந்தா, நீ சாப்பிட்டதாலதான் வந்துச்சுன்னு யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். நம்ம கையில இருக்கிற வரைக்கும் நாம செய்வோம்."

கஸ்தூரி கரண்டியை மேடம் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "செரி, இன்னா செய்யணும் சொல்லுங்க" என்றாள்.

செய்தாள். அவளைப் போல நோட்டு எழுதிய நோயாளியை என் சர்வீஸில் பார்த்ததில்லை. தொழிற்சாலைப் பதிவேடு மாதிரியே கோடு போட்டு, நேரம், பொருள், அளவு, ஒவ்வொரு நாளின் கீழும் கையெழுத்து. காலை ஆறரை, இட்லி இரண்டு, சாம்பார் ஒரு கரண்டி, 'க'. அவ்வளவு சுத்தம். ஆனால் எடை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. ஆறு மாதத்தில் எட்டு கிலோ. ரத்தச் சர்க்கரையும் மெல்ல எல்லையைத் தொட்டது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் எனக்குப் போன் செய்து, "இப்படியே போனா நல்லதில்ல" என்றார். மாத்திரையும் எடையை ஏற்றக்கூடியதுதான், ஆனால் எட்டு கிலோவுக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த முறை கஸ்தூரி வந்த அன்று மேடம் விடுப்பு. வெளியே பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. நான் கஸ்தூரியின் நோட்டை மூடி மேசையில் போட்டேன்.

"இதுல எழுதினது மட்டும்தான் சாப்பிடறேன்னா வெயிட் காத்துல ஏறுதா? பொய்க் கணக்கு எழுதி யாரை ஏமாத்தறீங்க? உங்களுக்குத் திரும்பி வந்தா எனக்கா கஷ்டம்?"

அவள் கோபப்படவில்லை. நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள். "பன்னெண்டு வருஷமா செக்கிங்ல கீறேன் மேடம். நான் எயுதுனது தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே பத்துப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. டாக்டரின் பரிசோதனைக்கும் போகவில்லை என்று தெரிந்தது. மாத்திரை வாங்குவதையும் நிறுத்திவிட்டாளானால்? மேடம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதே நோயாளி நாற்காலி.

"கஸ்தூரி கடைசியா வந்த அன்னிக்கு அவங்க உள்ள வந்ததுலேருந்து சொல்லு. நீ சொன்னது எல்லாம், அதே வார்த்தையில."

சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. முடித்ததும், "மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றார். 'உங்களுக்குத் திரும்பி வந்தா எனக்கா கஷ்டம்' என்ற வரியை நான் விழுங்கியிருந்தேன். அதையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சனிக்கிழமை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வா. மன்னிப்பு கேளு, எடைய பத்திப் பேசாத" என்றார்.

மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரியில் இறங்கி, சந்தைக்குள் புகுந்து, புதுசாகப் பிளாட் போட்ட மனைகளின் கொடிகளைத் தாண்டி, பழைய ஊர்த் தெருவைக் கண்டுபிடித்தேன். கஸ்தூரி வாசலில் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு, "வாங்க மேடம், உள்ள வாங்க" என்றாள். வந்தவரை வாசலில் நிறுத்தும் ஊர் இல்லை அது. நான் மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்து கொண்டுபோன வாக்கியம் பாதியில் உடைந்துபோனது. அவள், "வுடுங்க மேடம். அன்னிக்கு வூட்டுக்கு வந்து நோட்டையே தூக்கிப் பரண்மேல போட்டுட்டேன். மாத்திரை மட்டும் வுடல" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு ரோஸி அக்கா ஒரு எவர்சில்வர் தூக்குடன் உள்ளே வந்தாள். ஐம்பது வயது, உரிமையான நடை. விருந்தாளி இருப்பதைப் பார்த்ததும் கேட்காமலே ஒரு சொம்பில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். சத்துமாவுக் கஞ்சி. பாலும் வெல்லமும் ஏலக்காயும் மணத்தன. சொல்லக் கூடாது, அருமையாக இருந்தது. பாதி குடித்ததும் மறுபடி நிரப்பினாள். மிச்சம் முழுவதும் கஸ்தூரிக்கு. அவள் மடமடவென்று குடித்து முடித்தாள்.

"இது தினமும் உண்டா?" என்று கேட்டேன்.

"காலைல பதினோரு மணிக்கு ஒரு வூடு, சாயங்காலம் ஒரு வூடு. ஷிப்டுக்குப் போனா டப்பால ஊத்திக் குடுத்துடுவாங்க. கீமோ ஊசி போட்டப்ப ஒரு வாய் சோறு எறங்கல மேடம். இந்தத் தெருவுல நாலு பொம்பளைங்க மொறை வெச்சிகினு ஊத்துனாங்க. என் பொண்ணையும் அவங்கதான் பாத்துகினாங்க."

"நோட்டுல எழுதலையே கஸ்தூரி?"

அவள் நிஜமாகவே விழித்தாள். "இதையா? இது ஒடம்புக்குக் குடிக்கிறது தானே மேடம். மாத்திரையக்கூடத்தான் நோட்டுல எயுதல. நீங்க சாப்பாடுதானே எயுதச் சொன்னீங்க?"

அந்த நோட்டில் ஒரு பொய்கூட இல்லை. எல்லாவற்றையும் அவளுடைய டம்ளராலும் அவளுடைய கரண்டியாலும் அளந்து வைத்திருந்தோம். கஞ்சி வந்தது அடுத்த வீட்டுத் தூக்கில். எங்கள் அளவு அதைத் தொடவே இல்லை. மிச்சம் கேட்கத் தெரிந்த மேடத்துக்கே தப்பிய இடம் அது. திரும்பி வந்து சொன்னபோது அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "கேள்வியில குறை வெச்சது நாம, ராஜி. பதில் சொன்னவங்க இல்ல" என்றார்.

"கஞ்சியை நிறுத்தச் சொல்லிடலாமா?" என்றேன்.

"அந்த நாலு பேரை நிறுத்தச் சொல்றதுக்குச் சமம் அது. நானும் வர்றேன், போகலாம்."

அடுத்த சனிக்கிழமை போனோம். கஸ்தூரி வீட்டில் நாலு பெண்களும் கூடியிருந்தார்கள். மேடம் தரையில் உட்கார்ந்து, முதலில் கஞ்சி வாங்கிக் குடித்தார். மாவில் என்னென்ன சேரும் என்று கேட்டார். அவர்கள் பெருமையாக வரிசை சொன்னார்கள். பிறகு விஷயத்தைச் சொன்னார், எடை ஏறுவது, சர்க்கரை ஏறுவது, அது இந்த நோய்க்காரருக்கு ஏன் கூடாது என்பது எல்லாம். ரோஸி அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று.

"அப்ப நாங்க ஊத்துன கஞ்சியாலதான் அவளுக்கு மறுபடி வரும்ன்றீங்களா?"

"இல்லம்மா. உங்க கஞ்சி இல்லன்னா அவங்க கீமோவையே முடிச்சிருக்க மாட்டாங்க. எங்க ஆஸ்பத்திரி செய்யாததை நீங்க செஞ்சீங்க. அப்ப உடம்புக்கு அது தேவைப்பட்டுது. இப்ப வேற தேவைப்படுது. அவ்ளோதான்."

ரோஸி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் அடுப்படி மூலையைப் பார்த்தார். அங்கே கழுவிக் கவிழ்த்த மூன்று தூக்குகள் இருந்தன.

"இதைத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மாவா குடுப்பீங்க?"

"அய்ய, வெறும் ஏனத்தை யாராவது குடுப்பாங்களா?" என்றாள் கஸ்தூரி. "ஒரு பிடி சக்கரையாவது அரிசியாவது போட்டுத்தான் குடுப்பேன்."

"இனிமே சுண்டல் போட்டுக் குடுங்க. வேகவெச்ச வேர்க்கடலை, முளைகட்டின பயறு, ஏதாவது. நீங்களே நடந்து போய் நாலு வீட்டுலயும் குடுங்க. மகளை அனுப்பாதீங்க."

எனக்கு அப்போது அதன் சூட்சுமம் புரியவில்லை. இரண்டு வாரத்தில் புரிந்தது. சுண்டல் வந்த வீட்டிலிருந்து திரும்பக் கஞ்சி அனுப்புவதற்கு எந்தப் பெண்ணுக்கும் மனம் வரவில்லை. ஒருத்தி பயறு அனுப்பினாள், ஒருத்தி முட்டைப் பொரியல், ரோஸி அக்கா நெத்திலிக் குழம்பு. யார் சுண்டல் நன்றாக இருக்கிறது என்று தெருவில் போட்டியே வந்துவிட்டது. கஸ்தூரி தினமும் சாயங்காலம் தூக்குகளை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றினாள். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏரிக்கரை வரை நடை நீண்டது. வாரத்தில் ஒருநாள் மட்டும் கஞ்சி, அவள் வீட்டு டம்ளரில் ஒரு டம்ளர். அதுவும் மறுபடி எழுதத் தொடங்கிய நோட்டில் ஏறியது. மேடம் யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தெரு ஏற்கனவே செய்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, பாத்திரத்துக்குள் இருந்ததை மட்டும் மாற்றினார். நான் பத்து ஆய்வுத்தாள் படித்தும் வராத புத்தி அது. ஒரு வருடத்தில் எடை ஏறிய வழியே இறங்கி வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாவது வருடம், மேடம் ஓய்வு பெறப் போகும் சமயம், கஸ்தூரிக்குத் தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி வைத்துத் திசு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மறுநாளே அவள் எங்கள் அறைக்கு வந்தாள். பையில் டம்ளர் இல்லை, மூன்று வருட நோட்டுகள் இருந்தன. மேசையில் பரப்பி, விரல் வைத்து ஒவ்வொரு தேதியாகத் தேடினாள்.

"பொங்கலுக்கு ரெண்டு கரண்டி சக்கரைப் பொங்கல் சாப்ட்டேன் மேடம். ரோஸி அக்கா பொண்ணு கல்யாணத்துல லட்டு. இங்க பாருங்க, இங்கயும் ஒண்ணு கீது. இதுல எதுன்னு சொல்லுங்க. எது பண்ணிச்சி?"

எழுதச் சொன்னவர்கள் நாங்கள்தான். அவளைக் காப்பாற்றக் கொடுத்த நோட்டு, அவள்மேலேயே குற்றப்பத்திரிகையாக மாறிக் கிடந்தது. பிலோமினா மேடம் நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடினார். அடுக்கினார். தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"முதல் நாள் நான் உன்கிட்ட என்ன சொன்னேன், கஸ்தூரி?"

அவள் தலை குனிந்திருந்தாள்.

"யாரையும் சொல்ல விடமாட்டேன்னு சொன்னேன். அதுல நீயும் அடக்கம்."

அந்த ஒரு வாரமும் மேடம் தினம் அவளுக்குப் போன் செய்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கஸ்தூரி பிறகு என்னிடம் சொன்னாள். முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் கொழுப்புத் திசு கெட்டிப்பட்டிருந்தது, அவ்வளவுதான். நான் சந்தோஷத்தில் வராந்தாவில் ஓடினேன். மேடம் அலமாரியைத் திறந்து, நோட்டுகளை வெளியே எடுத்து, எழுதாத பக்கங்கள் இருந்த கடைசி நோட்டை மட்டும் அவளிடம் கொடுத்தார். "இனிமே எழுத வேணாம். உனக்குத் தெரிஞ்சிருச்சு" என்றார். ஓய்வுக்குப் பின் அவர் நாகர்கோவில் போய்விட்டார். இன்றும் நான் போன் செய்தால், "நேத்து காலைலேருந்து சொல்லு" என்றுதான் எடுப்பார்.

ஆண்டு மலருக்கு இவ்வளவு போதும் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதுவதற்கு முன் ஒரு தடவை கஸ்தூரியைப் பார்த்துவிட்டு வரலாமே என்று போன வாரம் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். செயலியைப் பற்றிச் சொன்னபோது, "நல்லதுதானே மேடம். ஆனா பக்கத்து வூட்டுத் தூக்கை யாரு போட்டோ எடுப்பா?" என்று சிரித்தாள். மேசைமேல் அந்தப் பழைய நோட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மேடம் கொடுத்த நோட்டின் வெற்றுப் பக்கங்களில் அதே கோடு, அதே கையெழுத்து. ஆனால் சாப்பாடு இல்லை. திங்கள், ரோஸி, பயறு. செவ்வாய், கஸ்தூரி, மீன். அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்போது கீமோ நடக்கிறதாம். யார் எந்த நாள் தூக்குக் கொண்டுபோவது என்ற முறைப் பட்டியல் அது. முதல் சில வாரங்களுக்கு எல்லா நாளும் கஞ்சி என்றே இருந்தது. "ஊசி போடும்போது கஞ்சிதான் எறங்கும். ஊசி முடிஞ்சப்புறம்தான் பயறு, மீனெல்லாம்" என்றாள்.

அப்போது போன் வந்தது. அந்த அடுத்த தெருப் பெண்தான். கஸ்தூரி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எதிர்முனையில் அழுகை எனக்கே கேட்டது. கஸ்தூரி குறுக்கிடாமல், முகத்தில் ஒன்றும் ஓடாமல், கடைசி வரை கேட்டாள். அந்தப் பக்கம் ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. வந்துச்சின்னா, நீ துன்னதாலதான் வந்துச்சின்னு ஒருத்தரையும் சொல்ல வுடமாட்டேன். நான் கீறேன்."

கிளம்பும்போது எனக்கும் ஒரு தூக்கு நிறைய சுண்டல் கொடுத்தாள். அது இப்போது கழுவி என் சமையலறையில் கவிழ்ந்திருக்கிறது. சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகிறேன். பயறு ஊறப் போட வேண்டும்.